கருவியும் கேள்வியும்

ஆண்டுதோறும் நம் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியைகள் வருகிறார்கள். சில வாரங்கள் காலை வழிபாட்டில் நம்மோடு நின்று, நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, கண் கலங்க விடைபெற்றுச் செல்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கையில் சுருட்டிய படத் தாள்களும், அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரிகளும், மின்னட்டைக் கட்டுகளும் இருக்கும். இன்று அவற்றோடு ஒரு மடிக்கணினியும், விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவும் சேர்ந்துகொண்டன. காலத்திற்கேற்ற மாற்றம் இது. இதனை வரவேற்காதார் யார்? ஆனால் வரவேற்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே கேள்வி.

கருவியை இயக்கக் கற்பது ஒரு கலை. அதனை எப்பொழுது இயக்குவது, எப்பொழுது அணைப்பது என்று கற்பது வேறொரு கலை. முன்னதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம். பின்னதற்கு ஓராண்டும் போதாது. நம் ஆசிரியப் பயிற்சி முன்னதற்கு மதிப்பெண் வழங்கிவிட்டு, பின்னதை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறது என்பது என் தாழ்மையான கருத்து. இதனால் இழப்பு பயிற்சி ஆசிரியைக்கு மட்டுமன்று. கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும்தான்.

கருவிகளைப் பற்றிய பெருங்கனவு புதியதன்று. 1913-ஆம் ஆண்டிலேயே, திரைப்படக் கருவியை உருவாக்கியோருள் ஒருவரான தாமஸ் ஆல்வா எடிசன், இனிப் பள்ளிகளில் புத்தகங்களுக்கு வேலையிராது, பத்தாண்டுகளில் பள்ளிக்கூட முறையே அடியோடு மாறிவிடும் என்று கூறினார். பத்தாண்டுகள் போய் நூறாண்டுகளும் கடந்துவிட்டன. புத்தகம் இன்னும் நம் பிள்ளைகளின் பையில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் பல நடந்தன. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கும் முறையை அதன் மூலம் பயின்றனர். 1984-இல் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குக் கணினிகள் வந்தன. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோளை நம் விஞ்ஞானிகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினர். 2017-இல் தீக்ஷா என்னும் இணையத் தளம் தொடங்கியது. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க சதுரக் குறியீடுகள் அச்சாயின. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி மலர்ந்தது.

இந்தப் பட்டியலின் நடுவே இன்னோர் ஆண்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1987-இல் மத்திய அரசு நாடெங்குமுள்ள தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரே 'கரும்பலகைத் திட்டம்'. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அவருள் ஒருவர் பெண், அவற்றோடு கரும்பலகை முதலிய அடிப்படைப் பொருள்கள் என்பன அதன் இலக்கு. வானத்திலிருந்து பாடம் இறங்கி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், தரையில் கரும்பலகை இல்லாத பள்ளிகள் இருந்தன என்பதை இது உணர்த்தவில்லையா? எவ்வளவு உயர்ந்த கருவியானாலும், அறையும் ஆசிரியரும் அமைந்த பிறகுதான் அது பயன்படும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி, 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டாண்டுப் படிப்பாயிற்று. குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்திற்கென்று ஒரு தனித் தாளும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அத்தாளின் பெயரைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பத்தை 'இயக்குதல்' என்று அதற்குப் பெயரிடவில்லை. ஆய்ந்து தெளிந்து புரிந்துகொள்ளுதல் என்னும் பொருளில் பெயரிட்டனர். எது நல்லது, எது வேண்டாதது, எது எவருக்கு உதவும் என்று சீர்தூக்கிப் பார்க்கும் அறிவையே அது நாடுகிறது.

நடைமுறை எப்படியிருக்கிறது? மேற்பார்வையாளர் வகுப்பைக் காண வரும் நாள் குறிக்கப்படுகிறது. பயிற்சி ஆசிரியை இரவெல்லாம் கண் விழித்து முப்பது காட்சிப் பக்கங்களை உருவாக்குகிறார். எழுத்துகள் சுழன்று வந்து விழுகின்றன. பின்னணியில் இசை ஒலிக்கிறது. மறுநாள் சன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கி, மடிக்கணினிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். நாற்பது மணித்துளிகளில் முப்பது பக்கங்களும் ஓடி முடிகின்றன. 'தொழில்நுட்பம் சிறப்பாகப் பயன்படுத்தப்பட்டது' என்று பதிவேட்டில் குறிப்பு எழுதப்படுகிறது. இருட்டில் இருந்த நாற்பத்தைந்து பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விளங்கியது என்று குறிக்க அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

பயிற்சி ஆசிரியையைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் நம்மிடம் கற்க வந்தவர். எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தானே அவர் செய்வார்?

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். பூவின் பாகங்கள் என்பது பாடம். பயிற்சி ஆசிரியை செம்பருத்திப் பூவின் படத்தைத் திரையில் காட்டுகிறார். படம் மிக அழகு. ஆனால் நம் மாதா கெபியின் ஓரத்தில் அதே செம்பருத்தி கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிறது! ஆளுக்கொரு பூவைக் கையில் கொடுத்தால், புல்லி வட்டத்திற்கும் கீழே இன்னொரு சிறு பச்சை வட்டம் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஐந்து இதழ்களை எண்ணுவார்கள். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரு குழலாக ஒட்டியிருப்பதையும், அந்தக் குழலுக்குள்ளே சூல் தண்டு ஓடி நுனியில் ஐந்தாகப் பிரிவதையும் தொட்டுப் பார்ப்பார்கள். சூற்பையைக் குறுக்கே அறுத்து ஒரு கைக்கண்ணாடியால் நோக்கினால் அங்கும் ஐந்து அறைகள்! விரலில் ஒட்டிய மகரந்தத் தூளைப் பிள்ளை வீட்டிற்குக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டுவாள். திரையிலுள்ள பூவில் எந்தத் தூளும் ஒட்டாது.

அப்படியானால் திரையே வேண்டாமா? வேண்டும். இதயத்தை நாம் வகுப்பறைக்குக் கொண்டுவந்து துடிக்கச் செய்ய முடியுமா? முடியாது. அங்கே அசையும் படம் ஒரு வரப்பிரசாதம். அதனையும் காட்டும் முறையாகக் காட்ட வேண்டும். முதலில் பிள்ளைகள் தங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று எண்ணட்டும். அடுத்தவள் முதுகில் காதை வைத்து 'லப் டப்' என்னும் ஓசையைக் கேட்கட்டும். 'இந்த ஓசை எதனால் வருகிறது?' என்று ஆசிரியை கேட்கட்டும். இரத்தம் பாய்வதால் என்பாள் ஒருத்தி. இதயம் நெஞ்சுக்கூட்டில் மோதுவதால் என்பாள் இன்னொருத்தி. அவரவர் விடையைக் கரும்பலகையில் எழுதிய பிறகு அசையும் படத்தை இரண்டே நிமிடம் காட்டலாம். வால்வுகள் மூடும்பொழுதே அந்த ஓசை பிறக்கிறது என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டுகொள்வர். ஒரு கேள்விக்கு விடை தேடும் கண்கள் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே வேறு.

கணக்குப் பாடத்திலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டு. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001-ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் கணினி நிரல் இன்று பள்ளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு வட்டத்தையும் விட்டத்தையும் வரைந்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து இழுத்துக்கொண்டே போகலாம். முக்கோணம் குட்டையாகிறது, நெட்டையாகிறது, சாய்கிறது; கோணம் மட்டும் 90 பாகையிலிருந்து அசைவதேயில்லை. சாக்பீஸால் காட்ட முடியாத அற்புதம் இது. வகுப்பு முழுவதும் வியந்து நிற்கும்.

ஆனால் இங்கேதான் ஒரு நல்ல ஆசிரியை கருவியை அணைப்பார். 'எங்கே இழுத்தாலும் 90 தான் வருகிறது. ஏன்?' என்று கேட்பார். அந்த 'ஏன்' என்பதற்கு விடையைத் திரை சொல்லாது. வட்ட மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் அடிக்கோணங்கள் சமம். எல்லாவற்றையும் கூட்டினால் 180. ஆகவே பாதி 90. இதனைப் பிள்ளையே சாக்பீஸைப் பிடித்துப் பலகையில் செய்ய வேண்டும். உண்மை இன்னதென்று கணினி காட்டியது; அது ஏன் உண்மை என்று கரும்பலகை நிறுவியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. எதன் வேலை எங்கே முடிகிறது என்று அறிவதில்தான் ஆசிரியையின் திறமை இருக்கிறது.

நம் ஆண்டவர் இயேசுவே சிறந்த ஆசிரியர் அன்றோ? அவர் கற்பித்த முறையை இந்த நோக்கில் சற்றே சிந்தித்துப் பார்ப்போம். கடுகு விதை, விளக்கு, வலை, புளித்த மாவு என்று மக்கள் அன்றாடம் புழங்கிய பொருள்களே அவருடைய துணைக்கருவிகள். பேரரசருக்கு வரி செலுத்துவது முறையா என்று சிலர் அவரைச் சிக்கவைக்கப் பார்த்தபொழுது, ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இருப்பது யாருடைய உருவம் என்று அவர்களையே கேட்டார். விடை அவர்கள் வாயிலிருந்தே வந்தது. அதன் பின்னரே அவர் தம் போதனையைக் கூறினார். நாணயம் எல்லார் மடியிலும் இருந்ததுதான். அதன் மேல் ஒரு கேள்வி விழுந்தபொழுதுதான் அது பாடமாயிற்று. பயிற்சி ஆசிரியைகள் கற்க வேண்டிய தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டால் போதாது. விடைக்குக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து ஒரு வியப்பான உண்மையைக் கண்டறிந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்பதுதான் அது. அதனை மூன்று விநாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன, வாய் திறவாதவர்களும் பேசுகிறார்கள், 'தெரியாது' என்னும் பதில் குறைகிறது என்று அவர் எழுதினார். மூன்று விநாடி மௌனம்! ஒரு காசு செலவில்லாத கருவி. ஆனால் அடுத்த பக்கம் கையருகே காத்திருக்கும்பொழுது மௌனம் காப்பது கடினம். விரல் தானாகவே பொத்தானை அழுத்திவிடும். கடைசி பெஞ்சுப் பெண் வாக்கியத்தை மனத்திற்குள் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

கரும்பலகைக்கு இன்னொரு நன்மையுண்டு. அதில் எழுதியது அழிக்கும் வரை நிற்கும். பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய சொல்லைப் பாடத்தின் முடிவிலும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கலாம். ஆசிரியை எழுதும் வேகமும் பிள்ளை எழுதும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. திரையில் வருவது ஒரு நொடியில் வந்து ஒரு நொடியில் மறையும். ஆதலால் திரையில் காட்டுவது வியப்புக்கும் விளக்கத்திற்கும் உரியதாகவும், பலகையில் எழுதுவது நினைவிற்கு உரியதாகவும் இருக்கட்டும். இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே நலம்.

சில வேளைகளில் கருவி அலங்காரமன்று, உயிர்நாடி. பார்வைக் குறையுள்ள ஒரு மாணவிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையும், பக்கத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் நிரலும் கல்விக் கூடத்தின் வாசலையே திறந்துவிடுகின்றன. பார்வையற்ற இருவர் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் நிரல் இன்று விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் சுழலும் எழுத்துகளை அமைக்கக் கற்பதற்கு முன்னர் இதனை அல்லவா கற்க வேண்டும்? அதுபோலவே மொழிப் பாடத்திலும் கைப்பேசியை ஒலிப்பதிவுக் கருவியாக வைத்துக்கொண்டு, 'வாலை, வாளை, வாழை' என்று ஒரு பிள்ளை படித்ததை அவளுக்கே போட்டுக் காட்டினால், தன் நாக்கு எங்கே தவறுகிறது என்பதை அவளே உணர்வாள். ஆசிரியை நூறு முறை திருத்துவதைக் காட்டிலும் அவள் செவியே அவளைத் திருத்துவது நிலைக்கும். இவற்றில் கருவி ஆசிரியையின் பெருமையைக் காட்டவில்லை. பிள்ளையின் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. நல்ல பயன்பாட்டிற்கு அதுவே அடையாளம்.

பெற்றோர்களின் மனத்தில் ஓர் ஐயம் உண்டென்பதை அறிவேன். 'வீட்டிலே கைப்பேசியைத் தொடாதே என்று கண்டிக்கிறோம். பள்ளியிலே அதைக் கொண்டே பாடமா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைப்படி இயங்குகிறது என்னும் கேள்வியைத் தன் தலைப்பிலேயே எழுப்பியிருந்தது. கைப்பேசி நம் பிள்ளையை இயக்குகிறதா, நம் பிள்ளை கைப்பேசியை இயக்குகிறாளா என்பதே இதன் சாரம். கத்தியைக் கண்டு அஞ்சிக் காய் நறுக்காமல் இருப்பதில்லை. பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த முறையைச் சொல்லிக் கொடுக்கத் தகுந்த இடம் பள்ளி. சொல்லிக் கொடுக்கத் தகுந்தவராய் இருக்க வேண்டியவர் ஆசிரியை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தை நாம் மறக்கலாகாது. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனும் தங்கையும் படிக்கும் வீட்டில் முறை யாருக்கு முதலில் கிடைத்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் முதல் நாளில்தான். அந்த வேளையில் கற்றல் இழப்பை ஈடுசெய்ய நம் மாநில அரசு என்ன செய்தது? 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை 2021 அக்டோபரில் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை அனுப்பியது. அவருள் பெரும்பாலோர் பெண்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேலான திரைக் கல்விக்குப் பிறகு, பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதே அந்தத் திட்டம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், பாடக் குறிப்பு எழுதுவது ஒரு நிமிட வேலையாகிவிட்டது. எட்டாம் வகுப்பு, பின்னங்கள், நாற்பது நிமிடம் என்று கேட்டால் நோக்கம், ஊக்குவித்தல், கற்பித்தல், மதிப்பிடல் என எல்லாப் படிகளையும் அழகாக எழுதித் தந்துவிடுகிறது. பயிற்சி ஆசிரியை அதனைப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் நம் எட்டாம் வகுப்பில் மூன்றாம் வரிசைப் பெண்ணுக்கு நான்கில் ஒன்று பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்பதே குழப்பம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இன்று காலை அவள் உண்ணாமல் வந்தாள் என்பதும் அதற்குத் தெரியாது. சில வேளை தவறானதையும் தயங்காமல் எழுதிவிடும். பாடத்தைத் தானே படித்திராத ஆசிரியைக்கு அந்தத் தவறு புலப்படாது. 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடு, ஆசிரியர் மாணவரின் நேரடி உறவை எந்த நுண்ணறிவுப் பொறியாலும் உருவாக்க இயலாது என்பதை வலியுறுத்துகிறது. திருச்சபை அறிவியலை வெறுத்து இதனைக் கூறவில்லை. மனிதரை மனிதரே வளர்க்க வேண்டும் என்னும் பொறுப்புணர்ச்சியால் கூறுகிறது.

பெண்கள் பள்ளியில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பயிற்சிப் பதிவேட்டிற்காக வகுப்பைப் படம் பிடிப்பதும் அதனை நண்பர் குழுக்களில் பகிர்வதும் வழக்கமாகி வருகிறது. ஒரு பிள்ளையின் முகம் அவளுடைய உடைமை. அதனைப் பெற்றோரின் ஒப்புதலின்றி எவரும் வெளியே அனுப்பலாகாது. 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் மனச்சாட்சி சொல்ல வேண்டும். கருவியைக் கற்பதென்பது இந்த ஒழுக்கத்தையும் சேர்த்துக் கற்பதே.

என்ன செய்யலாம்? என் எளிய கருத்துகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

பயிற்சி ஆசிரியைகள் பள்ளிக்கு வந்த முதல் இரண்டு வாரங்கள் சாக்பீஸும் கரும்பலகையும் கைக்கெட்டும் பொருள்களும் கொண்டே கற்பிக்கட்டும். பிள்ளைகள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். 'இதை எப்படித்தான் விளங்க வைப்பதோ!' என்று அவர் மனம் எங்கே ஏங்குகிறதோ, அங்கே கருவியைக் கொண்டுவரட்டும். பசித்த பிறகு உண்ட உணவே உடலில் ஒட்டும்.

வழிகாட்டி ஆசிரியைகளாகிய நாம், 'என்ன காட்டினீர்கள்?' என்று கேட்பதை விடுத்து, 'பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?' என்று கேட்போம். அதற்கே மதிப்பெண் வழங்குவோம். மின்தடை நேர்ந்தாலும் நடத்தத்தக்கதாகப் பாடம் அமைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்போம். படக் காட்சியை இணையத்தை நம்பாமல் முன்னாளே இறக்கி வைத்திருக்கிறாரா, காலியான வகுப்பறையில் ஒருமுறை கடைசி பெஞ்சில் தாமே அமர்ந்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தாரா என்பவையும் கவனிக்கத்தக்கவை. கருவி ஒருவேளை நின்றுபோனால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். நின்ற பிறகு அவர் பாடத்தை எப்படிக் கொண்டுசென்றார் என்பதைப் பார்ப்போம். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் ஆசிரியையா என்பது தெரிந்துவிடும்.

திரையை இயக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் முறை வைத்துக் கொடுக்கலாம். ஆசிரியை மடிக்கணினியை விட்டு விலகி வகுப்பிற்குள் நடக்க முடியும். பிள்ளைகளுக்கும் கருவியைக் கண்டு கூச்சம் போகும். நம் பெண்கள் நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் ஆய்வுக்கூடத்திலும் பணிபுரியப் போகிறவர்கள். கருவிக்கு முன்னால் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக அவர்களை வளர்க்கக் கூடாது.

அன்பு மாணவிகளே, உங்களுக்கும் ஒரு பங்குண்டு. இளம் ஆசிரியை ஒருவர் புதிதாக வந்து நிற்கும்பொழுது அவர் கை நடுங்குவதை நீங்கள் காண்பீர்கள். கணினி திறக்கத் தாமதமானால் கேலி செய்யாதீர்கள். படம் விளங்கவில்லையென்றால் 'அக்கா, நிறுத்துங்கள், எனக்குப் புரியவில்லை' என்று எழுந்து சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வி, எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவருக்குத் தர முடியாத பாடம். உங்களில் பலர் நாளை அதே இடத்தில் ஆசிரியையாய் நிற்கப்போகிறீர்கள் என்பதையும் மறவாதீர்கள்.

ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை 1950-இல் அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் டி லா சால், பிரான்சு நாட்டின் ரைம்ஸ் நகரில் 1685-லேயே ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் சொல்லும் பழைய முறைக்கு மாறாக, ஒரே நிலையிலுள்ளோரை ஒரு வகுப்பாக அமர்த்திக் கற்பித்தார். முதலில் இலத்தீனைப் படிக்க வேண்டும் என்ற வழக்கத்தை விலக்கித் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுத் தந்தார். அந்நாளில் இவை புரட்சி. புதுமைக்காகப் புதுமையை அவர் நாடவில்லை. ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு எது எளிதில் விளங்கும் என்ற ஒன்றையே நினைந்தார். அந்த நினைவே அவரைப் புதுமைக்குக் கொண்டுசென்றது.

நம் பயிற்சி ஆசிரியைகளும் அந்த வழியிலேயே கருவிகளை அடையட்டும். பிள்ளையின் முகத்தை முதலில் பார்க்கட்டும். அவளுக்கு எது விளங்கவில்லை என்று கேட்கட்டும். பிறகு சாக்பீஸோ, செம்பருத்தியோ, கணினியோ, எது பொருந்துமோ அதை எடுக்கட்டும். அவ்வாறு எடுத்த கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக!